ஒரு பாயிண்டை விட்டுக்கொடுத்தேன்

போன ஞாயிறு பூந்தமல்லி வாலிபர் சங்கத்தில் டிபேட். நான்தான் ஜட்ஜ். ஒரு வாலிபர் எழுந்தார். "எதிரணித் தலைவர் சொன்னதில் ஒன்று உண்மைதான்..." என்று சொல்லி நிறுத்தினார். மண்டபமே கை தட்டிற்று.

என் பென்சில் நின்றுவிட்டது.

அந்த வித்தை நானும் கற்றதுதான். அதே மண்டபம், இருபது வருஷம் முன்னால். சீட்டு எடுப்போம், எந்தக் கட்சி வருகிறதோ அதைப் பேச வேண்டும். எதிராளியின் பாயிண்ட் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள் — அவன் பிடி தளரும். கைதட்டலுக்குக் கொஞ்சம் நிறுத்து. பிறகு ஒரே அடி! மூன்று கப் வாங்கினேன் இப்படி.

பிறகு யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து டிப்போவுக்கு நிலம் எடுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். பருத்திப்பட்டில் என் தங்கை புருஷன் கோவிந்தனுக்கு இருந்தது ஏரிக்குக் கீழே ஒரு காணி நஞ்சை. அவ்வளவே.

"மச்சான், ஆட்சேபணை கேக்க ஆபீசர் வர்றாராம். நீ வந்து பேசு. கப்பு வாங்கின வாயி!"

"உன் நிலம், நீயே பேசேன் மாப்ளே."

"எனக்கு இன்னா தெரியும்? 'குடுக்க மாட்டேன்'னு சொல்லுவேன். அத்தோட சரி."

போனேன். வேப்பமரத்தடியில் மேஜை. ஆபீசர் பேனாவைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"யுத்த காலத்தில் சர்க்காருக்கு நிலம் அவசியம் என்பது உண்மைதான்..."

நிறுத்தினேன். பழக்கம்!

வேப்பம்பூ உதிர்ந்தது. அந்த இடைவெளியில் அவர் ஒரு வரி எழுதினார். பேனாவை மூடினார்.

"அடுத்த ஆள்."

"ஐயா, நான் இன்னும் முடிக்கவில்லையே..."

"அவசியம்னு நீரே ஒப்புக்கொண்டீரே. போதும்."

கோவிந்தனும் நானும் ஏரிக்கரையோடு திரும்பி நடந்தோம். அறுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. கதிர்கள் எல்லாம் தலை குனிந்து நின்றன. அவன் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"நல்லாத்தான் ஆரம்பிச்சே மச்சான்" என்றான் கடைசியில். "நானா இருந்தா அத்த மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்."

எப்படியும் எடுத்திருப்பார்கள் என்று எல்லோரும் தேற்றுகிறார்கள். இருக்கலாம். ஆனால், 'குடுக்க மாட்டேன்' என்ற அவன் ஒரே பேச்சு எந்தக் காகிதத்திலும் ஏறாமலே போயிற்றே... அதற்கு என்ன சொல்ல? இப்போது அந்த மண்ணிலேயே டிப்போ மூட்டை தூக்குகிறான். உள்ளே நுழைய அவனுக்குப் பாஸ் வேண்டும்.

வாலிபருக்கு எத்தனை மார்க் போட்டேன் என்கிறீர்களா? முழு மார்க். மண்டபத்தில் தோற்றால் கப்தானே போகும்!