மந்திரி கனகசபாபதியின் தண்ணீர்ச் செம்பு

மந்திரி கனகசபாபதி காலமாகி இன்றோடு முப்பத்தொரு நாள். அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்கள் அவர் போட்ட வீதிகளையும் திறந்த மருந்துச்சாலைகளையும் சொல்லிச் சொல்லி மெச்சினார்கள். எல்லாம் உண்மை. பதினொரு ஆண்டுகள் அவருக்குக் காரியதரிசியாக இருந்த எனக்கு, அவர்கள் சொல்லாத ஒன்றும் தெரியும்.

அவர் பழமையில் ஊறியவர், அதை மறைத்தவரல்ல. எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது "ஊர் குழம்பப்போகுது" என்றார். பிறகு அந்த வாக்குகளாலேயே மந்திரியுமானார். பிறர் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார். கொழும்புக்கு ரயிலேறினாலும் மானிப்பாய் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பித்தளைச் செம்பில் கூடவே வரும். அந்தச் செம்பு என் பொறுப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்றில், பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், பனையேறிக் கள்ளுச் சீவும் ஏரம்புவின் மகள் பூரணத்தை ஆசிரியர் ஒருவர் அவள் சாதிப் பிள்ளைகளுக்கென்று விட்டிருந்த நிலத்திலிருந்து எழுப்பி, மற்றப் பிள்ளைகளோடு வாங்குப் பலகையில் இருத்தினார். ஊர்ப் பெரியவர்கள் மந்திரியிடம் ஓடிவந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போயிற்று: "ஊரின் அமைதி கருதிப் பழைய வழக்கமே தொடர்க." கையெழுத்து அவருடையது. 'அமைதி' என்ற சொல்லைத் தேடிப் போட்டவன் நான். ஐயா மெச்சினார். பூரணம் அதன்பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

பதவியை விட்டு ஐந்தாம் ஆண்டு, நெஞ்சுவலி கண்ட பிறகு, ஒரு காலை ஐயா, அப்போதும் கூடவிருந்த என்னைக் காரை எடுக்கச் சொன்னார்.

"எங்கை, ஐயா?"

"ஏரம்பன் வீட்டை. அவன்ரை பெட்டைக்குப் பிழை விட்டிட்டன் எண்டு சொல்லவேணும். சாகமுந்திச் சொல்லவேணும்."

ஏரம்பு கதிரையைத் துடைத்து வைத்தார். ஐயா இருந்தார். பூரணம் பேணியில் தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஐயாவின் கை எழும்பியது. நான் கண்டேன். கண்டும், பழகிய பழக்கத்தில், செம்பின் மூடியைத் திறந்து அந்தக் கையில் வைத்துவிட்டேன்.

ஐயா செம்பைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து குடித்தார்.

"செம்பிலை தண்ணி முடிஞ்சால் சொல்லுங்கோ, எங்கடை கிணத்திலை அள்ளித் தாறம்," என்றாள் பூரணம். "இல்லாட்டி அதுக்கும் ஒரு கடிதம் வருமோ?"

"வாயைப் பொத்து, பிள்ளை!" என்ற ஏரம்பு, ஐயாவிடம் திரும்பினார். "வந்த காரியம், ஐயா?"

"சும்மா... இந்தப் பக்கம் வந்தனான்."

திரும்பும்போது ஐயா கேட்டார்: "நீ செம்பைத் தராட்டில் நான் அந்தத் தேத்தண்ணியை வாங்கிக் குடிச்சிருப்பன் எண்டு நினைக்கிறியோ, தம்பி?"

"ஓம், ஐயா."

"எனக்குத் தெரியேல்லை," என்றார்.

கடைசி நாளில் என் கையைப் பிடித்து, "நீயெண்டாலும் போய்ச் சொல்லு," என்றார். சொல்ல வேண்டியதில் என் பங்கும் இருந்தது.

போன கிழமை போனேன். ஏரம்பு வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் இறங்கியபோதுதான் கண்டேன்: என் சைக்கிள் கைபிடியில், வீட்டுத் தண்ணீர் நிரப்பிய போத்தல் ஒன்று தொங்கியது. எப்போது கொழுவினேன் என்று நினைவில்லை.

திரும்பி வந்துவிட்டேன்.