ரங்கூனுக்குத் திரும்பி வந்த விமானங்கள்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். போத்தனூரில் பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தேவாலய மண்டபத்தின் வாசலில் என் நாற்பத்தாறு வருடச் சிநேகிதரின் கையில் ஒரு தாளைக் கொடுத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பஞ்சாலையில் கணக்கு எழுதியவன். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் ஸ்டேஷன் ரோட்டு டீக்கடைக்கு வருவார், நானும் போவேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அவருடைய அப்பாவிடம் வந்து நிற்கும்.

அவருடைய அப்பா பிழைப்புக்காகக் கப்பல் ஏறி ரங்கூன் போனவர். ஜப்பான்காரன் குண்டு போட வந்த காலத்தில் அங்கே விமானத் தளத்தில் பெட்ரோல் ஊற்றும் வேலை. அந்தத் தளத்தில்தான் சீனர்களுக்காகப் பறந்த அமெரிக்க விமானிகள் சிலர் இருந்தார்கள். சொந்த நாட்டுப் படையை விட்டு விலகி, சம்பளம் பேசிக்கொண்டு, தாமாகவே வந்தவர்கள். எல்லாரும் இருபது சொச்சம் வயது. விமானத்தின் மூக்கில் சுறாவின் வாயை வரைந்திருந்தார்களாம்.

எதிரி வருகிறான் என்று மணி அடித்ததும் விமானங்கள் கிளம்பும். எத்தனை கிளம்பின என்று அப்பா எண்ணுவார். திரும்பி வந்ததும் உடனே ஊற்றவேண்டும் என்பதால் அத்தனைக்கும் டின்களை ஓடுபாதை ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பார். அப்புறம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒன்று வராவிட்டால் அதன் டின்கள் மட்டும் அப்படியே நிற்கும். இருட்டும்வரை அவற்றை எடுக்க அவருக்கு மனசு வராதாம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் சிநேகிதருக்குக் குரல் கம்மிவிடும். எனக்கும்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் எண்களைக் குறித்து வைத்துக்கொள்வேன். அது என் பழக்கம். அவருக்கும் அது தெரியும். "அந்தச் சுறாவுக்குப் பல்லு எத்தனைனு அப்பா சொல்லலீங்க. சொல்லியிருந்தா நீங்க அதையும் கூட்டிக் கழிச்சிருப்பீங்க" என்பார். நான் சாமியைக்கூட எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவேன் என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார்.

இத்தனை வருடத்தில் ஏழு விதமாகக் குறித்திருந்தேன். ஏழிலும் எண்கள் வேறு. ஆறு போய் ஐந்து வந்தது. எட்டு போய் ஏழு. நான்கு போய் நான்கும் வந்தது. இப்படியே. எல்லாவற்றிலும் அதே ஓடுபாதை, அதே டின்கள், அதே காத்திருப்பு. ஒரு நாளின் கதையைத்தான் மாற்றி மாற்றிச் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த ஆகஸ்டில், போரின்போது பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்தவர்களின் பிள்ளைகளைத் தேவாலய மண்டபத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். யாராவது எழுந்து கேள்வி கேட்டு அவரைத் திணறடித்துவிடுவார்களோ என்று எனக்கு நான்கு நாள் தூக்கம் இல்லை. அதனால் ஏழையும் கட்டம் போட்டு எழுதி, ஏதாவது ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்று அடியில் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தேன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தார்.

"அப்போ எங்கப்பா பொய் சொன்னாருங்களா?"

"பொய்யுன்னு நான் சொல்லலீங்க. கணக்கு ஒத்து வரலைங்கறேன்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய முறை வந்தது. மண்டபத்தில் என்னையும் அவரையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். மைக்கைப் பிடித்தார். அப்பா ரங்கூனில் வேலை செய்தார், நடந்தே ஊருக்கு வந்தார், அவ்வளவுதான் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலிதான். என் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு இருபத்தொரு ஞாயிறுகள் டீக்கடைக்கு வந்தார். கோபமெல்லாம் இல்லை. முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார், கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினார். சூலூர்ப் பக்கமிருந்து போர் விமானம் வந்தால் முன்பெல்லாம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து எண்ணுவார். இப்போது குனிந்தபடியே டீயைக் குடித்தார். ஏனுங்க, அந்தக் கதையைச் சொல்லுங்க என்று ஒருமுறை கேட்டேன். எனக்குச் சரியா ஞாபகமில்லீங்க என்றார்.

ஜனவரி 16, வியாழக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்துவிட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவருடைய மகள் என் வீட்டுக்கு வந்தாள். பரண்மேல் இருந்த தாத்தாவின் பெட்டியை முதல்முறையாக இறக்கினார்களாம். கையில் ஒரு சின்ன நோட்டு, எண்ணெய்க் கறை படிந்தது.

"கணக்கு மாதிரி இருக்குதுங்க மாமா. எங்களுக்கு ஒண்ணும் புரியல. அதான் உங்ககிட்டக் கொண்டாந்தேன்."

பெட்ரோல் டின் கணக்கு. தேதி, போனது, வந்தது, மீதி டின் என்று பென்சிலில் நான்கு பத்திகள். 'மறுநாள் வந்து சேர்ந்தது' என்று இரண்டு இடத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். மொத்தம் முப்பத்தொரு வரிகள். என் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறு போய் ஐந்து இருந்தது. எட்டு போய் ஏழு இருந்தது. ஏழும் இருந்தன. ஏழும் வெவ்வேறு நாள். அப்பா நாளுக்கு ஒன்றாகச் சொன்னதை மகன் ஓர் எண் பிசகாமல் எண்பது வயதுவரை சுமந்திருக்கிறார். எந்த நாள் என்று நான் ஒருமுறை கேட்டிருந்தால் போதும். முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதியவன், தேதி கேட்கவில்லை.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன மாமா என்றாள். உங்க தாத்தா பொய் சொல்லலை அம்மணி என்றேன். பொய்யின்னு யாருங்க சொன்னது என்று கேட்டாள்.

மண்டபத்தில் இருந்தவர்களுக்காவது தெரியவேண்டும் என்று தோன்றியது. இறந்த என் சிநேகிதர் சொல்லவிருந்தது அத்தனையும் சரி, பிழை என்னுடையது என்று இரண்டு வரி அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, வீடு வீடாகக் கிளம்பினேன். முதல் வீட்டில் ஒரு ரிட்டயர்டு டீச்சர். தாளை இரண்டு முறை படித்தார்.

"எதுங்க சரி? அவரு அன்னைக்கு எதையுமே சொல்லலீங்களே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சொல்லாததற்கு நான் திருத்தம் கொண்டுபோயிருக்கிறேன். வாசற்படியில் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். ரங்கூன், டின்கள், சுறா வாய், ஆறு போய் ஐந்து. அவருடைய குரல் கம்முகிற இடத்தில் எனக்கும் கம்மியது. டீச்சர் உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இரண்டாம் வீட்டிலும் சொன்னேன், மூன்றாம் வீட்டிலும் சொன்னேன். நான்கு நாட்களில் முப்பத்தாறு பேரிடம் சொன்னேன். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். மூன்று பேர் ஊர் மாறிப் போயிருந்தார்கள்.

கேட்கவேண்டிய ஒருவர் கேட்கவில்லை. அப்பாவைச் சந்தேகப்பட்டபடியே போய்விட்டார். அவரை அதில் விட்டவன் நான். அதை எழுத என்னிடம் எந்தப் பத்தியும் இல்லை. எழுத முடிந்தது இதுதான்: ஆட்டோ நான்கு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூற்று அறுபது, டைப் அடிக்க அறுபது, நாற்பத்தைந்து பிரதிக்குத் தொண்ணூறு. ஆக மொத்தம் ஆயிரத்து எழுநூற்றுப் பத்து ரூபாய்.