தொட்டியில் கிடந்த மிச்சம்

விடிய ஐந்தரைக்கு லாயத்துக்குள் நுழைந்ததும் நான் குதிரையின் முகத்தைப் பார்ப்பதில்லை. தீனித் தொட்டியைத்தான் பார்ப்பேன். இரவு போட்ட ஓட்ஸ் முடிந்ததா, மிச்சம் கிடக்கிறதா என்பதுதான் முதற் கேள்வி. வயிறு வலிக்கிறது, கால் உளைகிறது என்று குதிரை வாய் திறந்து சொல்லாது. தின்னாமல் விடும், அவ்வளவுதான். பதினான்கு வருடங்களுக்கு முன்பு, ஹம்பேர்க்குக்கு வெளியே இருக்கும் இந்த லாயத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியம்மா எனக்குச் சொன்ன முதற் சட்டமும் அதுதான்.

"தொட்டியிலை மிச்சம் கிடந்தால் உடனை எனக்குச் சொல்ல வேணும். மற்ற வேலை எல்லாம் அதுக்குப் பிறகு."

அவர் பேசியது ஜெர்மன். என் காதில் எந்த மொழியும் யாழ்ப்பாணமாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் லாயத்துக் குதிரைகள் வெறும் தரையில் ஓடுகிறவை அல்ல. வழியில் செடிவேலிகள் இருக்கும். அவற்றைத் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். முதலாளியம்மா அவற்றைப் பழக்குகிறார். நான் தீனி போட்டு, உடம்பு தேய்த்து, கால்களைத் தடவிச் சூடு பார்த்து, ஓட்டத்தன்று கயிற்றைப் பிடித்துக் கூட்டிப் போகிறவள். கோயிலில் என்னைக் கண்டால் சிலர், "இன்னும் குதிரைச் சாணிதானோ?" என்று கேட்பார்கள். "ஓம், மனிசற்றை வாயைவிட மணம் குறைவு" என்பேன். அதற்குப் பிறகு அந்த ஆள் கேட்பதில்லை.

என் மனுசன் மட்டும் சளைக்காமல் பகிடி பண்ணுவார். அவர் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறார். குதிரை ஓட்டம் என்றால் சூது, சூது என்றால் குடும்பம் நாசம் என்ற கணக்கில் பதினான்கு வருடமும் ஒரு முறையேனும் ஓட்டம் பார்க்க வந்ததில்லை. இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன நினைத்தாரோ, தானாகவே வருகிறேன் என்றார். நான் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சனிக்கிழமை முழுவதும் கால் நிலத்தில் படவில்லை.

அந்த ஞாயிறு ஓட இருந்தது ஏழு வயதுக் கபில நிறக் குதிரை ஒன்று. பட்டியலில் அதற்கு ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. நான் தம்பி என்று கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட, அவனில் ஏறி ஓட்டுகிற பெடியனும் முதலாளியம்மாவும்கூட அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். என் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டுப் பெப்பர்மின்ட் தேடுவதில் அவனை வெல்ல ஆளில்லை.

அன்று விடிய அவனுடைய தொட்டியில் பாதி ஓட்ஸ் அப்படியே கிடந்தது.

நான் கால்களைத் தடவிப் பார்த்தேன். சூடு இல்லை. கண் தெளிவாக இருந்தது. வழக்கம்போலப் பையைத் தேடினான். இரண்டு நிமிடம் நின்று யோசித்தேன். சொன்னால் முதலாளியம்மா அவனை ஓட விடமாட்டார். என் மனுசன் வந்து, வேறு யாருடையவோ குதிரைகளைப் பார்த்துவிட்டு, "இதுக்கோ இவ்வளவு காலமும்" என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போவார். மிச்சத்தை இரு கைகளாலும் அள்ளி, பக்கத்தில் நின்ற கிழட்டுப் பெண்குதிரையின் தொட்டியில் போட்டேன். அவள் கேள்வி கேட்காமல் தின்று முடித்தாள். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நான் செய்ததை நான் இப்படித்தான் செய்தேன்.

ஓட்டத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுகிற வட்டத்தில், கம்பிக்கு அப்பால் என் மனுசன் நின்றார். கையில் எனக்குச் சாப்பிட ரோல்ஸ் சுற்றிய பை. நான் குதிரையோடு கிட்ட வந்தபோது மெல்லக் கேட்டார்.

"பிடரி மயிரை நீரோ பின்னினது?"

"ஓம்."

"எங்கடை பிள்ளையின்ரை தலையை ஒருநாளும் இவ்வளவு வடிவாப் பின்னேல்லை நீர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோசமாக நான் அந்த வட்டத்தைச் சுற்றியதில்லை. அதை மறைக்க என்ன இருக்கிறது.

கடைசிக்கு முந்திய வேலியில் தம்பி சற்று முந்திக் கிளம்பினான். தாண்டினான், ஆனால் இறங்கிய முன்கால் தாங்கவில்லை. ஓட்டிய பெடியன் உருண்டு எழும்பிவிட்டான். தம்பி எழும்ப முயன்று திரும்ப விழுந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்கள் பச்சைத் திரையை விரித்துச் சுற்றிப் பிடித்துவிட்டார்கள், சனம் பார்க்காமல் இருப்பதற்காக. நான் உள்ளே போனேன். முதலாளியம்மா ஏற்கெனவே அங்கே நின்றார். மருத்துவர் முறிந்த காலைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார், அவர் தலையசைத்தார். நான் நிலத்தில் குந்தித் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் மூக்கு என் பையின் பக்கம் திரும்பியது. பெப்பர்மின்டை எடுத்து வாயருகில் வைத்தேன். அவன் எடுக்கவில்லை. நோவில்லாமல் முடித்துவிடுகிற ஊசி அது, வேலை செய்ய அதிக நேரம் ஆகவில்லை.

கடிவாளத்தையும் சேணத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அடுத்த ஓட்டத்துக்கான அறிவிப்பு கேட்டது. என் மனுசன் ஒரு பகிடியும் விடவில்லை. தண்ணீர் வாளியை என்னிடம் இருந்து வாங்கி வண்டிவரைக்கும் தூக்கி வந்தார். அவருடைய நல்ல சப்பாத்தெல்லாம் சேறு.

வீட்டுக்கு வந்ததும் கதவுப் பிடியைத் தவிர வேறொன்றையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போய்த் தலை முழுகினேன். முழுகிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, செத்தவீட்டுக்குப் போய் வந்தால் செய்கிறதை நான் செய்கிறேன் என்று. எத்தனை நாள் தீட்டுக் காக்க வேண்டும் என்று கேட்க, அடுத்த நாள் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, ஒரு துடக்கு விசயம் கேக்க வேணும்."

"பிள்ளை, ஆர் காலமானது?"

"ஒரு குதிரை, ஐயா."

"சொந்தக் குதிரையோ?"

"இல்லை. நான் வேலை செய்யிற இடத்துக் குதிரை."

"அதுகளுக்குத் துடக்கு இல்லைப் பிள்ளை. முழுகிப்போட்டு யோசிக்காமல் கோயிலுக்கு வாங்கோ."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. எத்தனையோ வருடம் மாதாமாதம் என்னை வாசலோடு மறித்து வைக்கத் தெரிந்த துடக்குக்கு, என் மடியில் தலை வைத்துச் செத்தவனுக்காக ஒரு நாளை ஒதுக்கத் தெரியவில்லையா? கோபம் ஆறிய பிறகு விளங்கியது, நான் கேட்டது தம்பிக்காக மட்டும் இல்லை. தள்ளி நில், நீ தொடக்கூடாது என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. செய்தவளுக்குத் தண்டனை ஒரு வசதி. யாரும் தராவிட்டால் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

லாயத்தில் முதலாளியம்மா சொன்னார்: "புதன்கிழமை புதுக் குதிரை ஒண்டு வருது. தம்பியின்ரை அறையைக் கழுவி விடு."

"ஏலாது," என்றேன். பதினான்கு வருடத்தில் அவரிடம் சொன்ன முதல் ஏலாது. "எங்கடை வழக்கத்திலை செத்தவைக்கு முப்பத்தொரு நாள் துடக்கு இருக்கு. அதுவரைக்கும் அந்த அறை அப்பிடியே கிடக்க வேணும்."

ஐயர் சொன்னதற்கு நேர்மாறான பொய். சிரிப்பார், அல்லது வைக்கோலைத் தானே வாரிக் கொட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அந்த அறையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி. முப்பத்தொரு நாள்."

புதுக் குதிரைக்காக, சேணம் வைக்கிற அறையை அவரே ஒரு நாள் முழுவதும் நின்று சாமான்களை எடுத்து ஒதுக்கினார். மரியாதை தெரிந்த மனுசி, எங்கள் ஐயரைவிட இவருக்கு எங்கள் சமயம் விளங்குகிறது என்று வீட்டில் பெருமையடித்தேன்.

அந்த முப்பத்தொரு நாளுக்குள் கோயிலில் வேட்டைத் திருவிழா வந்தது. சுவாமி மரக்குதிரையில் ஏறி வருவார். என் மனுசனும் அதைத் தோளில் காவுகிறவர்களில் ஒருவர். நான் போகவில்லை. திரும்பி வந்து, தோளைத் தடவிக்கொண்டு சொன்னார், "குதிரையைத் துள்ள விடச் சொல்லிச் சனம் கத்திச்சுது. நான் துள்ளேல்லை. மற்றவையோடை சேர்ந்து சும்மா நடந்தனான்." சாப்பாடு போட்டுக் கொடுத்தேன்.

லாயத்துக்கு வருகிறவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவன் விரும்பித்தான் ஓடினான் என்றார்கள். நானும் முன்பு மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அது பொய்யுமில்லை. வெளியில் விட்டால் ஓடத்தான் செய்வான். ஆனால் நடுவில் வேலியை நட்டது அவன் இல்லை. ஓட்டத்திடலின் வாசலில் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிற இளம் ஆட்களை நான் வழமையில் முறைத்துக்கொண்டு கடப்பேன். இந்த லாயத்துக் குதிரைகளின் கால்களை ஒரு நாளாவது தடவிப் பார்த்திருப்பார்களா என்று எரிச்சல் வரும். தம்பிக்குப் பிறகு போன ஓட்டத்தில் என்னால் முறைக்க முடியவில்லை. இப்போதும் நான் அவர்கள் பக்கம் இல்லை. வேலையை விடவுமில்லை. நான் விட்டால் இந்தக் குதிரைகள் ஓடாமல் விடப்போவதில்லை. தொட்டியைப் பார்க்க வேறு யாரோ வருவார்கள். இதைச் சொல்லிச் சொல்லி என்னைச் சமாளிக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் காலையில், ஒரு தட்டில் கொஞ்ச ஓட்ஸும் கரட்டும் பெப்பர்மின்டும் வைத்துத் தம்பியின் அறைக்குள் படைத்தேன். பிறகு பழைய வைக்கோலை வாரத் தொடங்கினேன். முதலாளியம்மா தானும் வைக்கோல் வாருகிற நீளப்பிடி முள்ளுக்கரண்டி ஒன்றோடு வந்து மற்ற மூலையில் வாரினார். இனிப் பொறுக்க ஏலாது என்று ஆகிவிட்டது.

"அண்டைக்கு விடிய தம்பி பாதித் தீனியை விட்டிருந்தவன். நான் சொல்லேல்லை. மிச்சத்தை அள்ளிப் பக்கத்துத் தொட்டியிலை போட்டனான்."

அவர் நிமிரவில்லை. வாரிக்கொண்டே சொன்னார்.

"தெரியும். நான் ஐஞ்சு மணிக்கு நீ வர முதலே ஒருக்கால் சுத்திப் பாக்கிறனான். தொட்டியிலை பாதி கிடந்தது. ஏழு மணிக்குத் திரும்ப வந்தன், தொட்டி வெறுமை. சரி, பிறகு திண்டிட்டான் எண்டு நினைச்சன்." கரண்டியை நிலத்தில் ஊன்றினார். "நினைக்கேல்லை. அப்பிடி நினைக்க விரும்பினன். உன்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கேல்லை."

முப்பத்தொரு நாளுக்கு அவர் ஏன் அவ்வளவு இலேசாகச் சம்மதித்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் சமயத்துக்கு அவர் கொடுத்த மரியாதை இல்லை அது. அவருக்கும் ஒரு துடக்கு வேண்டியிருந்திருக்கிறது. இருவரும் நிலத்தைக் கழுவிப் புது வைக்கோல் பரப்பினோம். மத்தியானம் புதுக் குதிரையை அந்த அறைக்கு மாற்றினோம்.

இரண்டு வாரம் கழித்து அது ஓட வேண்டிய ஞாயிறு வந்தது. ஐந்து மணிக்கே போனேன். முதலாளியம்மா ஏற்கெனவே அந்த அறை வாசலில் நின்றார். தொட்டியின் மூலையில் ஒரு பிடி ஓட்ஸ் கிடந்தது. ஒரே ஒரு பிடி.

"மிச்சம் கிடக்கு," என்றேன், அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே.

"ஓம். கிடக்கு," என்றார். அங்கே நின்றபடியே போனை எடுத்து, அது ஓடாது என்று சொன்னார்.

பகல் மருத்துவர் வந்து காது முதல் குளம்புவரை பார்த்தார். ஒரு குறையும் இல்லை, சும்மா விட்டிருக்கும், சில நாள் அப்படித்தான் என்றார். குதிரையின் சொந்தக்காரர் போனில் கத்தியது லாயத்தின் மறுகோடிவரை கேட்டது. நான் அந்த ஒரு பிடியை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தம்பியும் அன்று சும்மா விட்டிருக்கலாம். ஏதோ நோவில் விட்டும் இருக்கலாம். அதைக் கேட்டு அறிந்திருக்கக்கூடிய ஒரே காலையில், நான் தொட்டியை வெறுமையாக்கி வைத்திருந்தேன்.