விமானம் ஏறாத சிவப்புப் பை

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். ஆடுகோடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கணவரின் அக்கா இருப்பது வைட்ஃபீல்டில், பெரிய அடுக்குமாடியில். ஒவ்வொரு விசேஷத்திலும் நான் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டே என்னை அறிமுகப்படுத்துவார்.

"எங்க தம்பி பொண்டாட்டி. எட்டாவதோட நின்னுட்டா. கை மட்டும் ஓடும், மத்ததெல்லாம் நாமதான் சொல்லித் தரணும்."

பதினோரு வருஷம் சிரித்துக்கொண்டே நின்றேன். ஒரு சிரிப்பையும் மறக்கவில்லை.

போன வருஷம் லட்சத்தீவுப் பக்கம் ஒரு தீவுக்கு எங்களையும் அழைத்துப் போனார். பாசத்தில் இல்லை. அவர் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, போட்டோ எடுக்க ஆள் வேண்டியிருந்தது. கடற்கரையில் போட்டுக்கொள்ள ஆறு நீள கவுன் தைக்கச் சொன்னார். அபார்ட்மெண்ட் குரூப்பில் தினம் இரண்டு படம் போடப்போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"என் பெட்டியில இடமில்ல. நீயே அயர்ன் பண்ணி எடுத்துட்டு வந்துடு."

ஆறையும் மடித்து என் சிவப்புப் பையில் அடியில் வைத்தேன். மேலே என் புடவைகள் இரண்டு.

எனக்கு எதற்கும் பயம். பை தொலையுமோ என்று கைப்பையில் மாத்திரை, ஊசி நூல், மாற்றுத்துணி, நைட்டி எல்லாம் தனியாக வைத்துக்கொண்டேன். புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். விமானத்துக்கு யார் வைப்பார்கள்? ஒரு பழத்தைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

விமான நிலையத்தில் கவுண்டர் பெண் சொன்னாள்: சின்ன விமானம், எடை கூடிவிட்டது, உங்கள் பைகளில் ஒன்று அடுத்த விமானத்தில்தான் வரும். எதை விடுகிறீர்கள்?

"அந்த சிவப்புப் பைய விட்டுடுங்க," என்றார் நாத்தனார், யோசிக்காமல். "அதுல என்ன இருக்கப் போகுது, ரெண்டு பழைய புடவை." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு எதுக்குடி பீச்ல டிரெஸ்ஸு? தண்ணியப் பாத்ததும் பயந்து ரூம்லதான உக்காரப் போற."

கவுண்டர் பெண்ணும் சிரித்தாள்.

"அக்கா, அதுல வந்து..." என்று என் கணவர் ஆரம்பித்தார். அவர் காலை ஓங்கி மிதித்தேன். வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். பை எங்களோடு ஏறிவிடும். "சரிங்க அண்ணி," என்றேன். பை தள்ளுவண்டியில் போய்விட்டது.

விமானம் டவுன் பஸ் அளவுதான். மேகத்துக்குள் தூக்கிப் போட்டதில் எலுமிச்சம்பழம் என் கையிலேயே நசுங்கியது. செத்தோம் என்றே நினைத்தேன். ஆனாலும் உள்ளே ஒரு குளிர்ச்சி. விழுந்தாலும் இவர் அந்த கவுனைப் போடாமல்தானே விழுவார்.

தீவில் அறைக்குள் போனதும் பெட்டியைத் திறந்தார். தொப்பி, இரண்டு ஜோடி செருப்பு, முடி உலர்த்தும் மெஷின், முறுக்குப் பொட்டலங்கள்.

"எங்கடி என் டிரெஸ்ஸு?"

"நீங்க விடச் சொன்ன பையிலதான் அண்ணி."

"அங்கயே சொல்றதுக்கென்ன?"

"பெரியவங்க பேசறப்போ எட்டாவது படிச்சவ நடுவுல என்னத்தப் பேசறது?"

முதல் நாள் மழை, விமானம் வரவில்லை. அடுத்த நாள் வந்தது, பை வரவில்லை. அவர் போட்டு வந்த ஒரே ஜீன்ஸ் உப்புத் தண்ணீரில் நனைந்து காயவே இல்லை. சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார். "உங்கிட்ட ஏதாச்சும் இருக்கா?"

நைட்டியைக் கொடுத்தேன். பழுப்பு நிறம், பெரிய பூ, வயிற்றுப் பக்கம் மஞ்சள் கறை. "லூசாத்தான் தைச்சிருக்கேன் அண்ணி, உங்களுக்குச் சேரும்."

அவ்வளவு நீலமான கடலுக்கு முன்னால் நைட்டியும் தொப்பியுமாக நின்றார். தன் போனை என்னிடம் நீட்டவே இல்லை. நான் என் போனை எடுத்தேன்.

"அண்ணி, கொஞ்சம் சிரிங்க."

நாங்கள் ஊர் திரும்பும் நாளன்றுதான் பை கிடைத்தது. ஆறு கவுனும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

போன மாதம் ஒரு வளைகாப்பு. பத்துப் பேர் நடுவில் நாத்தனார் தொடங்கினார்: "இவ எங்க தம்பி பொண்டாட்டி. எட்டாவதோட..."

நான் போனை எடுத்து முந்தானையால் அதன் திரையைத் துடைத்தேன்.

"...நல்லா தைப்பா," என்று முடித்தார்.

அந்த நைட்டிப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. போன் கெட்டுவிடுமோ என்ற கவலையில் என் கணவர் போனிலும் ஒன்று வைத்திருக்கிறேன்.