வெள்ளைக்கரு வேகாத வெந்நீர்

பாயான் பாருவில் என் வீட்டு அடுப்படி ஜன்னலோரம், ஓர் ஆணியில் கம்பிக்கூடை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு முட்டை கொள்ளும் கூடை. நீளக் கைப்பிடி, அதில் கட்டிய நைலான் கயிறு. ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கி நசுங்கியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தூக்கிப் போடச் சொல்வார்கள். கீழே விழுந்து நசுங்கிவிட்டது, இருந்தாலும் உபயோகப்படும் என்று சொல்லிச் சமாளிப்பேன். எங்கள் வீட்டில் எது நசுங்கினாலும், எது உடைந்தாலும், விழுந்துவிட்டது என்றுதான் சொல்லிப் பழக்கம். உண்மையில் அந்தப் பள்ளம் என் அக்காவின் கன்னத்து எலும்பு பட்டு விழுந்தது.

கூடை அம்மாவுடையது. ஈஸ்டர் காலைப் பூசைக்கு அம்மா பச்சை முட்டைகளை அதில் அடுக்கி எடுத்துப்போய், சாமியார் கையால் தீர்த்தம் தெளித்து மந்திரித்து வாங்கிவருவாள். மற்றவர்கள் வீட்டிலேயே அவித்துச் சாயம் பூசிக் கொண்டுவருவார்கள். எங்களுக்கு அப்படியல்ல. பூசை முடிந்த கையோடு எங்கள் தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி, கெடா மாநிலத்துப் பக்கம் காட்டோரமாக இருக்கும் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போய், கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் அந்த ஊற்றிலேயே முட்டையை அவித்துத் தின்ன வேண்டும். அம்மாவின் முட்டிவலிக்காக ஆரம்பித்தது, பிறகு குடும்ப வழக்கமே ஆகிவிட்டது. அம்மா போனபின் அக்கா அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஊற்றுக்கு ஒரு குணம் உண்டு. கால் நனைக்கும் தொட்டிகளைத் தாண்டி, முட்டை அவிப்பதற்கென்றே இடுப்பளவு சுவர் கட்டிய ஒரு கிணறு இருக்கும். அந்தத் தண்ணீர் கையைப் பொசுக்கும், ஆனால் கொதிக்காது. அரைமணி நேரம் கூடையை இறக்கி வைத்தாலும் மஞ்சள்கரு கெட்டியாகிவிடும், வெள்ளைக்கரு மட்டும் வழவழவென்று அப்படியே இருக்கும். பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த மலாய்க்கார அம்மாவை மக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் ஒவ்வொரு வருஷமும் சிரித்துக்கொண்டே சொல்வார், "குனிங் கெராஸ், புத்தே லெம்பே." மஞ்சள் கெட்டி, வெள்ளை கொழகொழ. அதனால் அந்த முட்டையை உரிக்கக் கூடாது. கோப்பையில் உடைத்து ஊற்றி, கிச்சாப் என்கிற சோயா சாஸும் மிளகுத்தூளும் போட்டுக் கரண்டியால் சாப்பிட வேண்டும். எங்களுக்கு இது சின்ன வயசிலிருந்தே தெரியும். அத்தானுக்குத் தெரியாது. அவர் ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஈஸ்டருக்குத்தான் முதல்முறையாக வந்தார்.

அத்தான் ஜுருவில் காருக்கு சீட் கவரும் ஆடியோவும் போடும் கடை வைத்திருந்தார். ஆள் பார்க்க ஜம்மென்று இருப்பார். வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோடு வரமாட்டார். கோயில் திருவிழாவில் முன்னால் நின்று பாடுவார். கல்யாணமான நான்கு வருஷத்தில் அக்கா மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒருமுறை குளியலறையில் வழுக்கிவிட்டது, ஒருமுறை படியில் தடுக்கிவிட்டது, இன்னொரு முறை என்ன சொன்னாள் என்பதே மறந்துபோயிற்று. பட்டர்வொர்த்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா அக்காவின் கையிலிருந்த கன்றலைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலப் பேப்பரைத் திருப்புவார். நான் எகிறினால், "கொஞ்சம் கோவக்காரன் லா. மனசுல ஒண்ணும் கிடையாது. நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்பார். மனசில் ஒன்றுமில்லையாம்! கையில் இருந்ததே!

அந்த ஈஸ்டர் மத்தியானம் நானும் அக்காவும் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தோம். மரச் சுத்தியலால் நான் அடிக்க, அவள் முளையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாவுக்கு நெசமாவே தெரியாதுடி. நான்தானே மறைச்சு மறைச்சு வெச்சேன். அவர் கண்ணு முன்னால ஒரே ஒரு தடவ நடந்தா போதும். அப்பவே என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு."

"அடி வாங்குறதுக்கா அத்தான இங்க கூட்டிட்டு வந்த?" என்று கேட்டேன். 

"கூடாரத்துக்குச் சுவர் கிடையாதுல்ல" என்றாள்.

அப்பா பார்க்க வேண்டும், பார்த்தால் காப்பாற்றுவார். முப்பது வயசு அக்கா அதை நம்பித்தான் அந்த முளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. அத்தான் கோழி சுட்டார், அப்பாவுக்கு முதுகு பிடித்துவிட்டார், இரண்டு பாட்டுப் பாடினார். பாவி, அன்றைக்கென்று அவ்வளவு நல்லவராக இருந்தார்.

காலையில் கிணற்றைச் சுற்றி ஆவி கட்டியிருந்தது. அக்கா கூடையை இறக்கி, நேரம் பார்த்து மேலே தூக்கினாள். கோப்பைகளைச் சுவர்மேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அத்தான் ஒரு முட்டையை எடுத்து, "மாமா, முத முட்ட உங்களுக்கு. நானே உரிச்சித் தரேன்" என்று சுவரில் ஓங்கித் தட்டினார். பாதி ஓடு பெயர்ந்தது. வெள்ளைக்கரு அவர் மணிக்கட்டில் வழிந்து, காலில் போட்டிருந்த புது வெள்ளைச் சப்பாத்தில் சொத்தென்று விழுந்தது.

நான் சிரித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ஐயோ அத்தான், சப்பாத்துக்கு ஞானஸ்நானம்!" என்று வேறு சொன்னேன். மக்சிக்கும் சிரித்தார்.

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். "மந்திரிச்ச முட்டையக்கூட ஒழுங்கா அவிக்கத் தெரியாதாடி ஒனக்கு?"

"இல்லங்க, இந்தத் தண்ணியில அப்படித்தான் வரும். கோப்பையில ஒடச்சு..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

கூடையை அவள் கையிலிருந்து பிடுங்கி அவள் கன்னத்தில் வீசி அடித்தான். இனி அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முட்டைகள் நாலாபக்கமும் சிதறின. அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். கன்னம் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் நிற்கவில்லை. அவளுடைய வலது கையைப் பிடித்து இழுத்து, "வேகுதா வேகலயான்னு நீயே பாரு" என்று முழங்கை வரைக்கும் கிணற்றுக்குள் அழுத்தினான். அக்கா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அது என் பெயர்தான். அப்பாவைக் கூப்பிடவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டாள்.

கூடாரம் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. சுத்தியலை எடுத்தது நினைவில்லை. அடித்தது நினைவிருக்கிறது. முதல் அடி அவன் தோளில். அவன் அக்காவின் கையை விட்டுவிட்டான், முட்டி போட்டு உட்கார்ந்து, சுவர்மேல் கையை ஊன்றினான். இரண்டாவது அடியை அந்த மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. முதல் அடி அக்காவுக்காக. இரண்டாவதுக்கு அவசியமே இல்லை, அது என் சந்தோஷத்துக்காக அடித்தது. மூன்றாவதுக்கு ஓங்கினபோது மக்சிக் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, "சுடா! சுடா!" என்று கத்தினார். போதும், போதும்.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஆறடி தள்ளி நின்றிருந்தார். இப்போது ஓடி வந்தார். ரத்தம் வழிய நின்ற மகளைத் தாண்டிக்கொண்டு ஓடினார். குனிந்து அவன் அக்குளில் கை கொடுத்து, "மாப்பிள்ள, எந்திரிங்க மாப்பிள்ள" என்றார். என்னைப் பார்த்து, "கொலகாரி!" என்றார்.

அக்கா அதைப் பார்த்தாள். வெந்த கையைவிட அதுதான் அவளைச் சுட்டிருக்கும். மக்சிக் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கையில் தண்ணீரைத் திறந்துவிட்டார். தோல் வழன்று சுருண்டிருந்தது. அக்கா அழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கண் புரையால் கார் ஓட்டுவதை விட்டிருந்தார், எனக்கு மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் மட்டும்தான். அக்காவிடம் கார் லைசன்ஸ் இருந்தது, நான்கு வருஷமாக அவன் சாவியைக் கொடுத்ததில்லை. ஈரத் துண்டு சுற்றிய கையோடு அவனிடம் நடந்து போய், அவன் சட்டைப் பையில் இடது கையை விட்டுச் சாவியை எடுத்தாள். பின் சீட்டில் அவன் முனகிக்கொண்டு வந்தான், பக்கத்தில் அப்பா ஜெபமாலை உருட்டினார். அக்கா ஒற்றைக் கையால் ஓட்டினாள்.

பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் அக்காவின் கையையும் கன்னத்தையும் பார்த்துவிட்டு, "ஜாத்தோ கே?" என்றாள். விழுந்துவிட்டீர்களா? அக்கா வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஜாத்தோ, டாக்டர். கெணத்துகிட்ட ஒரே வழுக்கல்."

அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "அப்பா, நீங்க பாத்தீங்க. பாத்துட்டு அவரத் தூக்கினீங்க."

பிறகு டாக்டரிடம் தெளிவான மலாயில், புருஷன் கூடையால் அடித்தான், கையைப் பிடித்து வெந்நீரில் முக்கினான் என்றாள். பழைய குளியலறை, பழைய படிக்கட்டு எல்லாவற்றையும் அங்கேயே எடுத்துப் போட்டாள். போலீஸ் வந்தபோது மறுபடியும் சொன்னாள். என்னைப் பற்றிக் கேட்டார்கள். கையை விடுவிக்கத் தங்கை ஒரே ஒரு அடி அடித்தாள் என்றாள். மக்சிக்கும் ஒன்று என்றே சொல்லிவிட்டார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அக்கா என் வீட்டுக்கு வந்தாள். வழக்கு நடந்தது, அவன் உள்ளே போனான். அப்பா அதன்பின் எங்களோடு சரியாகப் பேசவேயில்லை. யார் கேட்டாலும் "வழுக்கி விழுந்துட்டா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், போன வருஷம் அப்படியே கண்ணை மூடினார். அடக்கத்தில் அக்கா அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது, இன்னும் தீரவில்லை. என் கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷமாக அந்த இரண்டாவது அடி அதில் இருக்கிறது. பஸ்ஸில் யாராவது மனைவியை அதட்டினால் விரல்கள் தாமாக மடங்கும். நானும் அவனைப் போல ஆகிவிடுவேனோ என்று பயந்திருக்கிறேன்.

இந்த ஈஸ்டருக்கு, பூசைக்குப் புறப்படும்போது அக்கா ஆணியிலிருந்து கூடையை எடுத்தாள். "வா, போயிட்டு வரலாம்." வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. தன் காரில் தானே ஓட்டிக்கொண்டு போனாள். கூடாரம் அடிக்கையில் சுத்தியலை என்னிடம் தரவில்லை, தானே வைத்துக்கொண்டாள். "ரெண்டாவது அடிய நானும்தான் பாத்தேன்" என்றாள்.

மறுநாள் காலை அதே ஆவி, அதே கிணறு. நசுங்கின கூடையை இறக்கினாள், தூக்கினாள். கோப்பையை எடுக்கவில்லை. ஒரு முட்டையைச் சுவரில் ஓங்கித் தட்டினாள். வெள்ளைக்கரு தழும்பேறிய கையில் வழிந்து, அவள் சப்பாத்தில் சொத்தென்று விழுந்தது.

"சிரிடி" என்றாள். "அன்னிக்கு நீ சிரிச்சதுல ஒரு தப்பும் இல்ல. சிரி."

நான் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தேன்.