அடுத்த விசேஷத்துக்கும் எங்களையே அழையுங்கள்

கடலூர் முதுநகரில் சாமியானா, நாற்காலி, சடலம் வைக்கும் ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். போன வருஷம் ஆர்டர் பட்டியலையும் வாட்ஸ்அப்பையும் ஒரு ஆப் வைத்து இணைத்தேன். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம், கட்டங்களை இழுத்துக் கோத்தால் போதும். சாமான் திரும்பியதாகப் பட்டியலில் குறித்ததும் வாடிக்கையாளருக்கு நன்றி மெசேஜ் தானாகப் போய்விடும். பத்தாவது பாஸான நான் இன்ஜினியர் மாதிரி நடந்து திரிந்தேன்.

மாசியில், சிதம்பரத்தில் அக்கா வீட்டிலிருந்த அப்பா இறந்துபோனார். பெட்டி என் கடையிலிருந்துதான் போனது. கடையைப் பார்த்துக்கொள்ளும் செல்வி, வழக்கம்போல வாடிக்கையாளர் நம்பராக அக்கா கணவரின் நம்பரைப் பதிந்திருந்தார்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். மாமா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"ஒங்கடை மெசேஜு மச்சான். படி."

'உங்கள் வீட்டின் அடுத்த விசேஷத்துக்கும் எங்களையே அழையுங்கள்.' கூடவே பூங்கொத்துப் படம். நான் தேடித் தேடி வைத்தது.

"அடுத்தது யாருன்னும் நீயே போட்டிருக்கலாம்ல."

மாமா கோபப்படவில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பிறகு, பெட்டி எடுத்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். திருவந்திபுரத்து அம்மா ஒருவர், "பாத்தோம் தம்பி. ஒங்ககிட்ட சொல்லி என்னா ஆவப்போவுதுன்னு வுட்டுட்டோம்" என்றார்.

துக்க வீட்டில் 'வரேன்' என்று சொல்லாமல் கிளம்பவேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆப்புக்குத்தான் சொல்லித்தரவில்லை. இப்போது பெட்டிக்கு மெசேஜ் கிடையாது. எடுத்துவர நானே போகிறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிடுகிறேன்.