ஜானவாச ஜீப்பும் இரும்புக் கூரையும்

என்னிடம் இருக்கும் 1960களின் பழைய ஜீப்பில் ஃபைபர் கூரை வெயிலில் காய்ந்து அப்பளமாக நொறுங்கிவிட்டது. இரும்பில் செய்து தரச் சொல்லி, தாராவியில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் விட்டிருந்தேன். இன்று எடுக்கப் போனேன்.

“தட்டிப் பாருங்க சார். ஆனை ஏறி நின்னாலும் அசையாது.”

தட்டினேன். அசையவில்லை.

“பிரமாதம் பாய். நாளைக்கு இதைக் கழற்றணும். போல்ட்டு எங்கே?”

“போல்ட்டா? ஆடக்கூடாது, சத்தம் வரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய? சுத்தி வெல்டு அடிச்சாச்சே!”

நாளை மாலை மாட்டுங்காவில் என் அக்கா பையனின் ஜானவாசம். மாப்பிள்ளையை ஊரே பார்க்க வேண்டிய ஊர்வலம். அக்கா சொல்லிவைத்திருந்த திறந்த காரை, “என் ஜீப் இருக்கும்போது வாடகை வண்டியா?” என்று நிறுத்திய மேதாவி நான்தான். ஃபைபர் கூரையை இரண்டு பேர் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். அதே நினைப்பில் இருந்துவிட்டேன்.

உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். பெயின்ட் நாற்றம், குக்கர் சூடு. உடனே இறங்கிவிட்டேன்.

பாய் இரக்கப்பட்டார். “ஒரு ஓட்டை போட்டுத் தாரேன். மாப்பிள்ளை தலைய மட்டும் வெளிய நீட்டிக்கட்டும்.”

ஜீப்பை ஃபோட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

“ஏண்டா, குழந்தையைக் கல்யாணத்துக்கு அழைச்சுண்டு போறயா, ஜெயிலுக்கா?”

மாட்டுங்கா, செம்பூர் பக்கம் யாரிடமாவது கூரையே இல்லாத வண்டி இருந்தால் உடனே சொல்லுங்கள். என்னைத் திட்ட வருகிறவர்கள் அக்காவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கவும்.